வெடித்த அடிச்சட்டத்தை வீட்டில் ஒட்டலாமா?

லொறியிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் எவரும் குனிந்து பார்க்காத பகுதி அடிச்சட்டம். கராச்சுகளில் இதைச் செசி என்பார்கள். பலகைத் தட்டையும், அதன்மேல் அடுக்கிய நெல் மூடைகளையும், மூடைகளின் மேல் ஏறியிருக்கும் ஆட்களையும் தாங்கி நிற்பது இதுதான். ரயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். இயந்திரம் பழுதானால் புகை காட்டிக் கொடுக்கும். அடிச்சட்டத்தில் விழுந்த வெடிப்போ, பெரும்பாலும் பாரத்தோடு பாதையில் முறியும் அன்றுதான் தெரியவரும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களின் வாகனங்களில் இந்தப் பழுது கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1995 இல் வலிகாமத்திலிருந்தும், 1996 இல் கிளிநொச்சியிலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியின் பல ஊர்களிலிருந்தும் சனங்கள் வெளியேறியபோது, ஒரு குடும்பத்தின் பெட்டியில் மூன்று நான்கு குடும்பங்களின் சாமான்கள் ஏறின. கதவு, நிலை, ஓடு, நெல், தண்ணீர்ப் பம்பி எல்லாம் ஏறின. அன்று பட்ட வருத்தம் இரும்புக்குள் சேர்ந்துதான் இருக்கும். 2009 இல் முள்ளிவாய்க்கால் பக்கம் கைவிடப்பட்ட வாகனங்கள், கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் உப்புக் காற்றிலும் மாரி மழையிலும் கிடந்தன. அவற்றில் உரியவர் கைக்குத் திரும்பியவை கறளோடுதான் திரும்பின. புதிய பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு அவற்றைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

இப்பொழுது தோளில் கொழுவிக்கொண்டு போகக்கூடிய சிறிய வெல்டிங் இயந்திரங்கள் வந்துவிட்டன. அயலில் ஒருவரிடமாவது இருக்கும். ஆகவே "நாங்களே ஒட்டினால் என்ன?" என்ற கேள்வி எழுவது நியாயமே. சில வெடிப்புகளை வீட்டில் ஒட்டலாம். சிலவற்றைத் தொடவே கூடாது. எதுவாயினும், ஏன் வெடித்தது என்று அறியாமல் ஒட்டினால், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடியும் வெடிக்கும். ஒட்டத் தெரியாதவர்களும் இதை வாசிக்கலாம். கூலி கொடுத்து ஒட்டுவிப்பவருக்கு எது சரியான வேலை, எது கண்கட்டு வேலை என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

ஏன் வெடிக்கிறது?

வேலியில் இருந்து ஒரு பச்சைக் கிளுவைத் தடியை வெட்டி எடுங்கள். இரண்டு கற்களின் மேல் அதை வைத்து நடுவில் அமுக்குங்கள். தடியின் அடிப்பக்கத்தில் பட்டை கிழியும், மேற்பக்கம் நெருங்கிச் சுருங்கும். அடிப்பக்கம் இழுபடுகிறது, மேற்பக்கம் அமுங்குகிறது. இனி, தடியின் ஒரு பகுதியைக் கல்லுக்கு வெளியே நீட்டி, அந்த நீட்டிய முனையில் பாரம் தூக்குங்கள். இப்பொழுது மேற்பக்கம்தான் கிழியும்.

அடிச்சட்டத்திலும் இதுவே நடக்கிறது. நீளவாக்கில் ஓடும் இரண்டு சட்டங்களும் பெரும்பாலும் 'ப' எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தது போன்ற உருவம் உடையவை. மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு, இடையில் நடுச்சுவர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட பகுதியில் இழுபடுவது கீழ் மடிப்பு. பின் சில்லுக்கு அப்பால் நீட்டி நிற்கும் பகுதியிலும், பின் அச்சுக்கு நேர் மேலேயும் இழுபடுவது மேல் மடிப்பு. இரண்டு சில்லுப் பெட்டியில், உழவு இயந்திரத்தோடு கொழுவும் முன் இழுவைச் சட்டம் (மாட்டு வண்டியின் ஏர்க்கால் போன்றது) பெட்டியின் உடலோடு சேரும் இடம் மிகவும் வருத்தப்படும் இடமாகும். வெடிப்பைத் தேடுபவர் முதலில் இந்த இடங்களையே பார்க்க வேண்டும்.

இழுபடும் பக்கத்திலும் எல்லா இடத்திலும் வெடிப்பு விழுவதில்லை. சீலையின் ஓரத்தில் சிறிய வெட்டு ஒன்று இருந்தால், இழுத்தவுடன் அந்த வெட்டிலிருந்துதானே கிழிகிறது? இரும்புக்கும் அப்படியே. ஆணித் துவாரம், வில்லுத் தாங்கி பூட்டிய இடம், காஸ் வைத்து வெட்டிய கரடான ஓரம், முன்னர் போட்ட ஒட்டு முடியும் இடம், கறள் தின்ற குழி, இவற்றில் ஒன்றிலிருந்தே வெடிப்புப் புறப்படும். வடக்கில் இன்னொன்றும் உண்டு: செல் துண்டு துளைத்த துவாரம். அதன் ஓரம் கிழிந்த பற்களாக இருக்கும். ஒவ்வொரு பல்லும் ஒரு வெடிப்பின் தொடக்கமாக அமையலாம். நடுச்சுவரின் மத்தியில் உள்ள சிறு துவாரத்தை வட்டமாகத் துளைத்து, ஓரத்தை அரத்தால் மழுக்கி விட்டாலே போதும். மடிப்பில் உள்ள துவாரம்தான் பயப்பட வேண்டியது.

வெடிப்புக்குப் பின்னால் இன்னொரு பழுது ஒளிந்திருப்பதும் வழக்கம். வில்லின் ஒரு பட்டை முறிந்திருக்கலாம். அச்சைப் பிடிக்கும் 'யூ' ஆணி தளர்ந்திருக்கலாம். அப்பொழுது ஒவ்வொரு பள்ளத்திலும் பாரம் சம்மட்டி போலச் சட்டத்தில் இடிக்கும். குறுக்குச் சட்டத்தின் ஆணிகள் தேய்ந்து ஆடினால், நீளச் சட்டம் முறுக்குப்படும். இவற்றைத் திருத்தாமல் வெடிப்பை மட்டும் ஒட்டுவது, வாய்க்கால் மதகை அடைத்தபடி விட்டு வரம்பின் உடைப்பை மட்டும் கட்டுவது போன்றது.

கறள் எவ்வளவு தூரம் தின்றிருக்கிறது?

சண்டை நடந்த இடத்தில் கிடந்த வாகனம் ஒன்றை வாங்கியிருந்தால், அல்லது திரும்பப் பெற்றிருந்தால், சுத்தியலை எடுக்கு முன் ஒரு எச்சரிக்கை. சட்டத்தின் உட்குழிகளிலும், பலகைத் தட்டின் கீழும், இறுகிய மண்ணுக்குள்ளும் வெடிக்காத பொருள் இருக்கக்கூடும். மண்ணைத் தண்ணீர் ஊற்றி மெதுவாகக் கரைத்துப் பாருங்கள். அறியாத உலோகப் பொருள் எதைக் கண்டாலும் தொடாமல், சிறுவர்களை விலக்கிவிட்டு, பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள். அது அகலும்வரை தட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்.

மண் போன பின்னர், கூர்முனைச் சுத்தியலால் ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். கறள் தின்ற இரும்பு தொப்பென்று சொல்லும், பொருக்கு உதிரும். சுத்தியலின் முனை அமிழ்ந்தால், அல்லது திருப்புளி உள்ளே போனால், அது ஒட்டக்கூடிய இரும்பல்ல. நனைந்த கடதாசியைத் தைப்பது போல, ஒட்டும்போதே ஓட்டையாக உருகிப் போகும். கறள் அதிகம் படாத ஒரு இடத்தில் மடிப்பின் கனத்தை அளந்து, கறள் பட்ட இடத்தின் கனத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு முழம் நீளத்துக்கு மேல் கால்வாசிக் கனம் குறைந்திருந்தால், அதை வீட்டில் தொட வேண்டாம் என்பது எனது அபிப்பிராயம். அந்தத் துண்டை முழுமையாக வெட்டி மாற்றும் வேலை, அளவு பிடிக்கும் வசதியுள்ள பட்டறைக்கு உரியது.

இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பூட்டப்பட்ட இடங்களை விசேடமாகப் பாருங்கள். இரும்பு கறளாகும்போது பல மடங்கு பருக்கும். இடுக்கில் புகுந்த கறள் கனத்த தகட்டையும் வளைத்து, ஆணியையும் இழுத்து அறுத்துவிடும். முன்பு யாரோ ஒட்டிய மேல்தகடு வயிறு ஊதியது போல இருந்தால், அதைக் கழற்றாமல் உள்ளே உள்ளதை அறிய முடியாது. பெட்டி வாங்கப் போகும்போது, புதுப் பெயின்ற் மினுங்கும் பெட்டியை விடக் கறள் வெளியே தெரியும் பெட்டியை நம்புவது நல்லது!

சரி, வெடிப்பைக் காண்பது எப்படி? பெயின்ற்றின் மேல் மயிர்போல ஓடும் செம்மண் நிறக் கோடு ஒரு அடையாளம். அந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, மண்ணெண்ணெய் பூசி, கால் மணித்தியாலம் விடுங்கள். பின் சீலையால் நன்றாகத் துடைத்து உலர்த்தி, பாடசாலைச் சோக்குக் கட்டியைத் தூளாக்கித் தடவுங்கள். வெடிப்புக்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைச் சோக்கில் கருங்கோடு காட்டும். அந்தக் கோடு எங்கே முடிகிறது என்று ஒரு ஆணியால் கீறி அடையாளமிடுங்கள். இந்த முனைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது.

தொடக் கூடாதவை

டிப்பர், பத்துச் சில்லு லொறி போன்ற பாரமான வாகனங்களின் சட்டங்கள் பலவற்றில், சூடாக்கிப் பதப்படுத்திய உருக்கு பாவிக்கப்பட்டிருக்கிறது. ஒட்டும் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். ஒட்டு நன்றாக இருக்கும், அதன் அருகில் உள்ள இரும்பு பலமிழந்திருக்கும். துளைக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம் என்று சட்டத்திலேயே அறிவித்தல் ஒட்டியிருப்பதையும் சிலவற்றில் காணலாம். பழைய சிறு லொறிகளினதும் உழவு இயந்திரப் பெட்டிகளினதும் சட்டங்கள் பெரும்பாலும் சாதாரண மெல்லுருக்கு. வீட்டு வேலைக்கு உரியவை இவையே.

சுக்கான் பெட்டி பூட்டிய இடம், பெட்டியை உழவு இயந்திரத்தோடு பிணைக்கும் கொழுக்கி, அச்சு, வில்லுப் பட்டை, இந்த நான்கையும் வீட்டில் ஒட்ட வேண்டாம். வில்லுப் பட்டையில் கரி கூடுதலாக உள்ளதால் ஒட்டிய இடம் கண்ணாடி போல முறியும். இதே காரணத்தால், பழைய வில்லுப் பட்டையை வெட்டி அடிச்சட்டத்துக்கு முட்டாக ஒட்டும் வழக்கமும் பிழையானது. பழைய தண்டவாளத் துண்டும் அப்படியே. கிடைக்கிறது என்பதற்காக எந்த இரும்பையும் எடுத்து ஒட்டக் கூடாது. இரண்டு நீளச் சட்டங்களும் ஒரே இடத்தில் வெடித்திருந்தால், அல்லது சட்டம் முறுகியிருந்தால், அது பட்டறை வேலை. எரிபொருள் தாங்கியை, வெறுமையாக இருந்தாலும், ஒட்டக் கூடாது. தாங்கிக்குள் நிற்கும் ஆவியே வெடிக்கும்.

ஆயத்தம்

ஒட்டும் நேரத்தை விட ஆயத்தம் செய்யும் நேரம் கூடுதலாக இருக்க வேண்டும். பாரம் முழுவதையும் இறக்கி, வாகனத்தைச் சமமான தரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை கொடுங்கள். வெடிப்பின் இரு பக்கத்திலும் ஜக் வைத்து, சட்டத்தை உரிய மட்டத்துக்கு மெதுவாக உயர்த்துங்கள். சட்டத்தின் நீளத்துக்கு ஒரு நூல் பிடித்துப் பார்த்தால் தொய்வு தெரியும். வெடிப்பின் வாய் மூடும்போது நிறுத்துங்கள். பிறகு பாரத்தைப் பனங்குற்றி அல்லது பாலை மரக் குற்றிகளின் மேல் இறக்கிவிடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே போக வேண்டாம். துளையுள்ள சீமெந்துக் கல்லையும் முட்டாக வைக்க வேண்டாம், அது முன்னறிவித்தல் இல்லாமல் பிளக்கும்.

லொறியாயின் பற்றரியின் இரண்டு முனைகளையும் கழற்றிவிட வேண்டும். புதிய வாகனங்களில் உள்ள கணினிப் பெட்டியின் இணைப்பையும், மின் பிறப்பிக்கும் ஓல்ரனேற்றரின் இணைப்பையும் கழற்றுங்கள். ஒட்டும் இடத்துக்கு அருகே ஓடும் பிரேக் குழாய், வயர், எரிபொருள் குழாய் யாவற்றையும் விலக்குங்கள். எரிபொருள் தாங்கி அருகில் இருந்தால் கழற்றித் தூர வையுங்கள். பலகைத் தட்டின் அடியில் வைக்கோலும் உமியும் ஒட்டியிருக்கும். அதைக் கழுவி, பலகையை நனைத்து, ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து அரை மணித்தியாலம் வரை ஒருவர் அங்கே நிற்க வேண்டும். பலகைக்குள் புகைந்த தீ பிறகுதான் எழும்பும்.

வெல்டிங் இயந்திரத்தின் இரண்டாவது கவ்வியை ஒட்டும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில், வெள்ளை இரும்பில் பூட்டுங்கள். சில்லிலோ வில்லிலோ பூட்டினால் மின்னோட்டம் போறைகளுக்குள்ளால் போய் அவற்றைப் பழுதாக்கும். 3.2 மில்லிமீற்றர் குச்சியை 110 அம்பியரில் எரிக்கும் சிறு இயந்திரம், எமது 230 வோல்ற் வீட்டு மின்சாரத்தில் 15 அம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும். பழைய பாணிப் பெரிய இயந்திரம் இதைவிடக் கூடுதலாக இழுக்கும். விளக்குக்குப் போட்ட மெல்லிய வயரில் கொழுவினால் வயர்தான் முதலில் எரியும். மின்பிறப்பாக்கியில் ஒட்டுவதாயின் 5 கிலோவோல்ற் அம்பியர் அளவில் இருப்பது நல்லது. ஈர நிலத்தில், வெறுங்காலோடு, மழைத் தூறலில் ஒட்ட வேண்டாம். உலர்ந்த பலகையின் மேல், இறப்பர்ச் செருப்பல்ல, சப்பாத்தோடு நில்லுங்கள்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்புக் கண்ணாடி வெயிலுக்கு உரியது, வெல்டிங் ஒளிக்கு அது காணாது. 10 அல்லது 11 ஆம் இலக்கக் கண்ணாடி போட்ட முகமூடியே வேண்டும். ஒட்டுபவரை விட வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளே கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள். அந்த நேரம் ஒன்றும் தெரியாது. சில மணித்தியாலங்கள் கழித்து, இரவில், கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்தும், தண்ணீர் வடியும். கண்ட மருந்தையும் விடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். பழைய சாக்கைக் கட்டி மறைப்புப் போட்டுவிட்டு, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். கல்வனைஸ் பூச்சு உள்ள இரும்பாயின் பூச்சைத் தேய்த்து எடுங்கள். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் குளிர் காய்ச்சல் வரும்.

இன்னொரு விடயம். வாகனத்தின் செசி இலக்கம் சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இடப்பெயர்வில் பதிவுப் புத்தகத்தைத் தொலைத்தவர்களுக்கு, வாகனம் தமது என்று காட்ட எஞ்சியிருப்பது பல வேளைகளில் அந்த இலக்கம்தான். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் அதைத்தான் கேட்பார்கள். கிறைண்டர் பிடிக்கு முன் அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, எழுதி வைத்து, முடிந்தால் படமும் எடுத்து வையுங்கள். அதன் மேல் கிறைண்டர் போகவோ, ஒட்டு ஏறவோ, தகடு மூடவோ விட வேண்டாம்.

ஒட்டும் முறை

முதலில் வெடிப்பை நிறுத்துங்கள். ஆணியால் அடையாளமிட்ட முனையை விழுங்கும்படி 6 மில்லிமீற்றர் துவாரம் ஒன்றைத் துளையுங்கள். கூரான முனை வட்டமாகிவிட்டால் வெடிப்பு மேலும் ஓடுவது கடினம். துளைத்த பின் மறுபடியும் மண்ணெண்ணெயும் சோக்கும் போட்டுப் பாருங்கள். துவாரத்துக்கு அப்பாலும் கோடு தெரிந்தால் இன்னும் அப்பால் துளைக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஒட்டினால், ஒட்டின் அடியில் வெடிப்பு உயிரோடு இருக்கும்.

அடுத்து, வெடிப்பின் நீளத்துக்குக் கிறைண்டரால் ஆங்கில 'வி' எழுத்துப் போன்ற சால் வெட்டுங்கள். மேலே மட்டும் ஒட்டுப் பூசினால் அது பூச்சுத்தான். ஒட்டு இரும்பின் முழுக் கனத்துக்கும் இறங்க வேண்டும். சாலின் அடியில் ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர் கனம் எஞ்சினால் போதும். சாலின் இரு பக்கத்திலும் இரண்டு விரல் அகலத்துக்குப் பெயின்ற், கறள், எண்ணெய் ஒன்றும் இருக்கக் கூடாது. சோக்குச் சோதனைக்குப் பூசிய மண்ணெண்ணெயும் முற்றாக உலர்ந்திருக்க வேண்டும்.

குச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் இலகுவாகக் கிடைப்பது 6013 என்ற இலக்கக் குச்சி. மெல்லுருக்குப் பெட்டிச் சட்டத்துக்கு, நன்றாக ஒட்டத் தெரிந்தவர் கையில், அது போதும். லொறிச் சட்டத்துக்கு 7018 சிறந்தது. ஆனால் 7018 ஈரத்தைக் குடிக்கும். குடித்த ஈரம் உருகும் இரும்புக்குள் ஐதரசனாகப் புகுந்து, ஒட்டு ஆறிய பின்னர் அதை வெடிக்கச் செய்யும். மாரியில் திறந்து கிடந்த 7018 ஐ விடப் புதிய 6013 நல்லது. 7018 பாவிப்பதாயின் சிறிய பெட்டியாக வாங்கி, அன்றே திறந்து, அன்றே பாவியுங்கள். இயந்திரம் நேரோட்டம் தருவதாக இருக்க வேண்டும், குச்சி நேர் முனையில் இருக்க வேண்டும்.

சாலின் அடிக்கு 2.5 மில்லிமீற்றர் குச்சியை 70 முதல் 90 அம்பியர் வரையிலும், மேலே நிரப்ப 3.2 மில்லிமீற்றர் குச்சியை 100 முதல் 125 வரையிலும் வைத்துப் பாருங்கள். சட்டத்தில் தொடங்க வேண்டாம். அதே கனமுள்ள கழிவுத் துண்டு ஒன்றில் ஒட்டி, பிடிகருவியில் பிடித்து அடித்து முறித்துப் பாருங்கள். முறிந்த முகத்தில் கருந்துளைகளும் கசடும் தெரிந்தால், உங்கள் கை இன்னும் பழக வேண்டும்.

துவாரப் பக்கத்தில் தொடங்கி மடிப்பின் ஓரத்தை நோக்கி ஒட்டிக்கொண்டு வாருங்கள். ஓரத்தில் ஒரு சிறு இரும்புத் துண்டைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்து, ஒட்டு அந்தத் துண்டின் மேல் போய் முடியும்படி செய்யுங்கள். ஒட்டு முடியும் இடத்தில் எப்பொழுதும் ஒரு குழி விழும். அந்தக் குழி மடிப்பின் ஓரத்தில் விழுந்தால், அதுவே அடுத்த வெடிப்பின் வாசல். துண்டைப் பிறகு வெட்டி எறிந்துவிடலாம். ஒவ்வொரு முறையும் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலத்துக்கு மேல் ஒட்டாமல், கசடைத் தட்டி, தூரிகையால் தேய்த்து, ஆறவிட்டுத் தொடருங்கள். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். திடீரென ஆறிய இரும்பு நொறுங்கும் தன்மை பெறும். வெளிப்பக்கம் முடிந்ததும், மறுபக்கத்தில் நல்ல ஒட்டு தெரியும்வரை சுரண்டி, அங்கேயும் ஒட்டுங்கள். துவாரத்தையும் நிரப்புங்கள். கடைசியில் மடிப்பின் மேல் உள்ள ஒட்டை இரும்போடு சமமாகத் தேய்த்துவிட வேண்டும். கிறைண்டரின் கீறல்கள் சட்டத்தின் நீளவாக்கில் இருக்க வேண்டும், குறுக்கே அல்ல.

மேலொட்டுத் தகடு

எங்கள் ஊர்களில் அதிகம் பிழைக்கும் வேலை இதுதான். வெடிப்பைச் சரியாக ஒட்டாமல், அதன் மேல் அரை அங்குலத் தகடு ஒன்றை வைத்து நான்கு பக்கமும் சுற்றி ஒட்டிவிடுகிறார்கள். பார்க்கப் பலமாக இருக்கும். ஆனால் தகடு உள்ள இடம் வளையாது, தகடு முடியும் இடம் மட்டும் வளையும். முன்பு நீளத்துக்குப் பகிரப்பட்ட வருத்தம் எல்லாம் தகட்டின் விளிம்பில் வந்து கூடும். ஆறு மாதத்தில் தகட்டின் ஓரத்தோடு, அதுவும் ஒட்டின் குறுக்குக் கோட்டில், சட்டம் வெடிக்கும். வெடிப்பு இடம் மாறியதே தவிரப் போகவில்லை. பிறகு அதற்கு மேல் இன்னொரு தகடு!

தகடு வேண்டுமாயின், வெடிப்பை முழுமையாக ஒட்டித் தேய்த்த பின்னரே போட வேண்டும். சட்டம் 5 மில்லிமீற்றர் கனமாயின் தகடும் 5, அல்லது 4. அதற்கு மேல் வேண்டாம். அது நடுச்சுவரில் இருக்க வேண்டும், மடிப்பின் மேல் அல்ல. இரு முனைகளையும் சதுரமாக விடாமல் மீனின் தலை போல ஒடுக்கி வெட்டுங்கள். அப்பொழுது பலம் படிப்படியாகக் குறைந்து போகும். நீளப் பக்கங்களில் மட்டும் ஒட்டி, ஒடுங்கிய முனைகளில் ஒட்டாமல் விடுங்கள். மேலும் கீழும் மடிப்பு வளையும் மூலையிலிருந்து இரண்டு விரல் தள்ளியே ஒட்டு இருக்க வேண்டும். ஆணி பூட்டி இறுக்கக்கூடிய இடமாயின், ஒட்டுவதை விட ஆணி நல்லது என்பேன். ஆனால் ஆணித் துவாரமும் நடுச்சுவரில்தான் இருக்கலாம். தகட்டை வைக்கு முன் இரு முகங்களுக்கும் கறள் தடுப்பு மை பூசி, ஒட்டும் ஓரத்தை மட்டும் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஒட்டாமல் விட்ட இடுக்குகளைப் பிறகு மையாலோ தாராலோ அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்பு சொன்ன வயிறு ஊதும் கறள் உள்ளே தொடங்கிவிடும்.

ஒட்டிய பிறகு

குற்றிகளை எடுத்து, பாரம் இல்லாமல் கிட்டிய தூரம் ஓடிப் பார்த்து, பின் பாதிப் பாரத்தோடு சில நாட்கள் ஓடுங்கள். இந்த நாட்களில் பெட்டியில் ஆட்களை ஏற்ற வேண்டாம். பிள்ளைகளைப் பாடசாலைக்கோ வைத்தியசாலைக்கோ அந்தப் பெட்டியிலேயே ஏற்றிப் போகும் குடும்பங்கள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு கிழமையின் பின்னர் ஒட்டிய இடத்தையும், ஒட்டின் இரு ஓரங்களையும், தகடு போட்டிருந்தால் அதன் முனைகளையும் மண்ணெண்ணெய், சோக்குக் கொண்டு மறுபடி சோதியுங்கள். அறுவடை தொடங்கு முன்னும், முடிந்த பின்னும் ஒரு முறை பாருங்கள். மறுபடியும் மயிர்க்கோடு தெரிந்தால், அதே இடத்தில் திரும்ப ஒட்டாமல், இரும்பின் கனத்தையும், வில்லையும், பாரம் ஏற்றும் முறையையும் பாருங்கள். இரண்டு முறை வெடித்த இடத்தை மூன்றாவது முறை வீட்டில் ஒட்ட வேண்டாம்.

கறளைத் தூண்டுவதில் கடற்காற்றுக்கு அடுத்தபடியாக உரமும் சாணமும் நிற்கின்றன. உர மூடை ஏற்றிய பெட்டியில் சிந்திய யூரியாவும், மாடு ஏற்றியபோது வடிந்த சலமும் பலகை இடுக்கால் இறங்கிச் சட்டத்தின் கீழ் மடிப்பில் தங்கும். 'ப' வடிவச் சட்டத்தின் கீழ் மடிப்பு ஒரு பீலி போல மண்ணையும் ஈரத்தையும் பிடித்து வைத்திருக்கும். அன்று மாலையே நல்ல தண்ணீரால் கழுவி, மடிப்பில் அடைந்த மண்ணைத் தடியால் தள்ளிவிட வேண்டும். மாரிக்கு முன், உலர்ந்த சட்டத்தின் உட்புறத்துக்குப் பழைய இயந்திர எண்ணெயைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசுவது பலரும் செய்யும் மலிவான வழி. பிரேக் பாகங்களிலும் இறப்பர்க் குழாய்களிலும் அது படக் கூடாது. பூசும் வேலையைக் கிணற்றடியில் செய்ய வேண்டாம், சொட்டும் எண்ணெய் மண்ணால் ஊறிக் கிணற்றுக்குள் இறங்கும். கீழே பழைய தகரமோ பொலித்தீனோ விரித்து, சொட்டியதைத் திரும்பப் போத்தலில் சேர்த்து அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்கலாம்.